எண்ணெய்ப் போத்தல்



கடந்த சனிக்கிழமை முற்பகலில் ஜான்-டலோன் சந்தைக்குப் பின்புறமுள்ள ஓர் ஒழுங்கையில் நீலப் புகை எழுந்ததையும், அதன் நடுவே எண்ணெய் படிந்த கைகளோடு உங்கள் பங்குத்தந்தை நின்றுகொண்டிருந்ததையும் உங்களுள் சிலர் கண்டிருக்கிறீர்கள். மறுநாள் திருப்பலி முடிந்ததும் மூவர் அதுபற்றி என்னிடம் கேட்டீர்கள். ஒருவர் நகைத்தார். ஒருவர் என் உடல்நிலையை எண்ணிக் கவலைப்பட்டார். மூன்றாமவர், “இந்த வயதில் சுவாமிக்கு இது தேவைதானா?” என்றார். மூவருக்கும் சிரித்தே விடையளித்தேன். அது முழு விடையன்று. முழு விடையை இங்கே எழுதுகிறேன். சற்று நீளமானது, பொறுமையோடு வாசியுங்கள்.

ஜான்-டலோன் சந்தையை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1933-இல் வடக்குச் சந்தை என்னும் பெயரோடு, இத்தாலியர் குடியேறி வாழ்ந்த பகுதியின் நடுவே தொடங்கப்பெற்றது அது. பார்க் எக்ஸ்டென்ஷனில் வாழும் நம்மவர்கள் கால்நடையாகவே அங்கு சென்று வருகிறீர்கள். ஆகஸ்ட் கடைசியில் இத்தாலியக் குடும்பங்கள் தக்காளியைப் பெட்டி பெட்டியாக வாங்கிச் சென்று, ஆண்டு முழுவதற்கும் வேண்டிய குழம்பைக் காய்ச்சிப் போத்தல்களில் அடைத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் தாய்மார் தூள் இடித்து வைப்பது போன்ற வழக்கம்தான் அதுவும்.

அச்சந்தையின் கடையொன்றில் நம் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் விடியற்காலையில் பெட்டி இறக்கும் வேலை செய்கிறான். கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டவன். அவனோடு பேசிப் பார்க்கும்படி அவன் தந்தையார் என்னைக் கேட்டிருந்தார். நான் போனேன், அவன் பேசவில்லை. மாசி மாதக் குளிரில் அவனோடு சேர்ந்து வெற்றுப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு, முன்னர் அங்கே கடை வைத்திருந்த இத்தாலியப் பெரியவர் ஒருவரின் கராஜுக்குள் சென்றேன். அங்கே படங்கு ஒன்றின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. இளைஞன் படங்கை உயர்த்தினான். அன்றுதான் அவன் முகத்தில் முதன்முதலாக ஒரு கேள்வியைக் கண்டேன். (இருவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், பெயர்களைத் தவிர்க்கிறேன்.)

“அது செத்துப் போனது. வேண்டுமென்றால் கொண்டுபோங்கள்” என்றார் பெரியவர். கொண்டுபோக மாட்டோம், இங்கேயே வைத்துத் திருத்திப் பார்க்கிறோம் என்றோம். அடுத்த சனிக்கிழமை அவர் தமக்கென ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

தூசியைத் துடைத்தபோது ‘கான்-ஆம்’ என்ற எழுத்துகள் தெரிந்தன. 1970-களின் நடுப்பகுதியில் செய்யப்பட்ட, 175 சி.சி. டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் அது. யப்பானியத் தயாரிப்பென்றே நான் முதலில் எண்ணினேன். அது கியூபெக் மாகாணத்தின் வல்கூர் என்னும் சிற்றூரில், பொம்பார்டியே நிறுவனத்தார் செய்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். 1973 முதல் 1987 வரை கான்-ஆம் மோட்டார் சைக்கிள்கள் விற்பனையில் இருந்தன. அவற்றின் என்ஜின்கள் ஒஸ்திரியாவில் உள்ள ரோட்டக்ஸ் தொழிற்சாலையிலிருந்து வந்தன. அத்தொழிற்சாலையை 1970-இலேயே பொம்பார்டியே வாங்கியிருந்தது. 1974-இல் அமெரிக்க மோட்டோகிராஸ் போட்டியின் 250 சி.சி. பிரிவில் முதல் மூன்று இடங்களையும் கான்-ஆம் ஓட்டுநர்களே பெற்றனர்.

நம் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்கு இந்நிறுவனத்தோடு ஒரு தூரத்து உறவும் உண்டு. அமலமரித் தியாகிகள் சபையின் குருக்கள் 1841-இல் மொன்றியலுக்கும், 1847-இல் இலங்கைக்கும் வந்தவர்கள். யோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே 1959-இல் ‘ஸ்கி-டூ’ என்னும் சிறிய பனிவண்டியைச் செய்தபோது, அதை ஓட்டிப் பார்க்கும்படி வட ஒன்ராறியோவில் முதற்குடி மக்களிடையே பணியாற்றிய மொரிஸ் உவிமே அடிகளாரிடம் கொண்டு சென்றார். அவரும் அமலமரித் தியாகியே.

இனி அந்த மோட்டார் சைக்கிள் எப்படிக் கெட்டது என்பதைச் சொல்ல வேண்டும். ஓடித் தேய்ந்ததால் அன்று; நின்றதால் கெட்டது. உங்கள் கார்களில் என்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. பெட்ரோல் தீர்ந்தாலும் எண்ணெய் இருக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அப்படியன்று. பற்சக்கரப் பெட்டிக்குத் தனியே எண்ணெய் உண்டு. ஆனால் பிஸ்டனுக்கும் அதன் அடியிலுள்ள தாங்கிகளுக்கும் வேண்டிய எண்ணெய், எரிபொருளோடு கலந்தே உள்ளே சென்று எரிந்து போகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய எண்ணெய் வேண்டும். நேற்றைய எண்ணெய் இன்றைக்கு உதவாது. வண்டி ஆண்டுக்கணக்கில் நின்றுவிட்டால், சிலிண்டர் சுவரில் எஞ்சிய மெல்லிய எண்ணெய்ப் படலம் உலர்கிறது, ஈரம் ஏறுகிறது, பிஸ்டன் வளையம் சுவரோடு துருவாகி ஒட்டிக்கொள்கிறது. காபரேட்டரில் மிஞ்சிய பெட்ரோல் பிசினாகி நுண்துளைகளை அடைக்கிறது. இறப்பர் முத்திரை வளையங்கள் காய்ந்து வெடிக்கின்றன.

உதைகோலை மிதித்தோம், அசையவில்லை. இளைஞன் தன் உடற்பாரம் முழுவதையும் அதன்மேல் ஏற்றப் போனான். பெரியவர் கதிரையிலிருந்து சத்தமிட்டார். ஒட்டிக்கொண்ட பிஸ்டனை வலிமையால் அசைக்க முயன்றால் உடைவது பற்சக்கரமே என்றார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையின் வழியே அசிட்டோனும் கியர் எண்ணெயும் சம அளவு கலந்து ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். அது தவக்காலம். ஒவ்வொரு சனிக்கிழமையும் போய், மேலும் சிறிது ஊற்றி, மெதுவாக அசைத்துப் பார்த்துத் திரும்பினோம். மூன்றாம் சனிக்கிழமை அது ஒரு மயிரிழை நகர்ந்தது.

பிறகு வேலை விரைந்தது. சிலிண்டரைக் கழற்றினோம், உட்சுவரில் பிஸ்டன் நின்ற இடத்தில் ஒரு துருக்கோடு. பட்டறையில் கொடுத்து, கால் மில்லிமீற்றர் பெருக்கிக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டனையும் வளையங்களையும் பழைய உதிரிப்பாகம் விற்பவரிடமிருந்து வருவித்தோம். காபரேட்டரைப் பிரித்து, ஒவ்வொரு துளையையும் மெல்லிய கம்பியால் தொடாமல் திரவத்தில் ஊறவைத்து ஊதித் துப்புரவாக்கினோம். கம்பி துளையின் அளவைக் கெடுத்துவிடும். துருப்பிடித்த இரும்புத் திருகுகளைச் சந்தையில் வாங்கிய வெள்ளை வினாகிரியில் இரவு முழுவதும் ஊறவிட்டோம். எல்லாவற்றிலும் கடினமானவை, சுழல்தண்டின் இரு பக்கமும் உள்ள முத்திரை வளையங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் அவ்வறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். வளையத்தின் உதட்டில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் வெளிக்காற்று புகுந்துவிடும். காற்று கூடினால் எரிபொருளும் எண்ணெயும் குறையும், சூடேறும், பிஸ்டன் மீண்டும் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

அந்த வளையங்களைப் பொருத்திய பின்னர் வந்த சனிக்கிழமையில்தான், அதுவரை ஒற்றைச் சொற்களில் பேசிவந்த அவ்விளைஞன் நீளமாக ஒன்றைச் சொன்னான். உதிரிப்பாகம் தேடியபோது இந்நிறுவனத்தை நிறுவியவரின் வாழ்க்கையை வாசித்திருக்கிறான். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன் இவோன் வயிற்று நோயால் துடித்தான். பாதைகளைப் பனி மூடியிருந்தது. பனியின்மேல் ஓடும் வண்டியொன்றைச் செய்ய அவர் பல ஆண்டுகளாக முயன்றுகொண்டிருந்தார். ஆனால் அன்று அது ஓடும் நிலையில் இல்லாமல் பட்டறையில் கிடந்தது. குழந்தை மருத்துவமனை சேராமலே இறந்துபோனது. மூன்று ஆண்டுகளின் பின், 1937-இல், பனிவண்டியின் சங்கிலித்தடத்துக்கான காப்புரிமையை அவர் பெற்றார்.

“வண்டி இருந்திருக்கிறது, சுவாமி. ஆனால் அன்றைக்கு ஓடவில்லை” என்றான்.

நான் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்துவிட்டேன். எவரிடமும் சொல்லாத ஒன்றை அவனிடம் சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

1995-இல் நான் வலிகாமத்தில் ஒரு பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். 1990 தொடக்கம் இருந்த பொருளாதாரத் தடையை உங்களுள் மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். பெட்ரோல் ஒரு போத்தல் கிடைப்பதே அரிது. காபரேட்டருக்குள் சில துளி பெட்ரோல் விட்டு உதைத்து, இயங்கத் தொடங்கியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எங்கள் குருமனையில் 100 சி.சி. டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. எனக்கு முன்னிருந்த குருவானவர் அதை என்னிடம் ஒப்படைத்தபோது இரண்டு காரியங்களைச் சொன்னார்: கிழமைக்கு ஒரு தடவையேனும் இயக்குங்கள், எண்ணெய்ப் போத்தலை வெறுமையாக விடாதீர்கள்.

நான் சைக்கிளில் போய்வந்தேன். இளம் சுவாமி எளிமையானவர் என்று மக்கள் பாராட்டினர். அப்பாராட்டு எனக்கு இனித்தது. மோட்டார் சைக்கிள் கொட்டிலில் நின்றது. ஒருநாள் தோட்டக்காரர் ஒருவர் தம் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் கேட்டு வந்தார். இருந்த எண்ணெயைக் கொடுத்தேன். கொடுத்தது பிழையன்று. அதன்பின் ஒரு போத்தல் தேடி வைக்காததே பிழை. தேடினால் கிடைத்திருக்கும். நான் தேடவில்லை.

ஒக்டோபர் 30-ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. மழை. இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தை நோக்கி, ஒரே வீதியில். எங்கள் பங்கின் உபதேசியாருக்கு எழுபது வயதுக்கு மேல், இழுப்பு நோயாளி. அவர் பிள்ளைகள் முன்னமே சாவகச்சேரிப் பக்கம் போயிருந்தனர். அவர் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பொலித்தீனில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு குருமனை வாசலில் நின்றார். நான் கொட்டிலைத் திறந்தேன். சிறிது பெட்ரோலும் ஒரு கலன் மண்ணெண்ணெயும் இருந்தன. எண்ணெய் இல்லை. எண்ணெய் இல்லாமல் அந்த என்ஜினை ஓட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். “கடவுள் பார்த்துக்கொள்வார், ஏறுங்கள்” என்றேன். விசுவாசத்தால் சொன்னதாக அன்று நினைத்தேன். உண்மையில் என் கவலையீனத்தைத்தான் கடவுளின் தலையில் சுமத்தினேன்.

சனத்திரளுக்குள் நடைவேகத்தில்தான் ஓட்ட முடிந்தது. செம்மணியை அண்மித்தபோது என்ஜின் ஒரு முறை கீச்சிட்டது. பின்சக்கரம் இறுகி நின்றது. சேற்றில் வழுக்கி இருவரும் விழுந்தோம். நான் எழுந்தேன். அவர் பதிவேட்டை அணைத்தபடி சேற்றில் கிடந்தார். எலும்பு முறியவில்லை. மோட்டார் சைக்கிளை வீதியோரம் தள்ளிவிட்டு, என் தோளில் ஒரு கையும், யாரோ ஒருவரின் சைக்கிள் கைப்பிடியில் ஒரு கையுமாக, அந்த முதியவர் மழையில் மணிக்கணக்காக நடந்தார். பாலத்துக்கு அப்பால் ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் அவருக்கு இடம் கிடைத்தது. நான் மற்றவர்களைத் தேடித் திரும்பினேன்.

ஒரு மாதத்துள், தென்மராட்சியில் அகதிகள் தங்கியிருந்த பாடசாலை ஒன்றில் அவர் காலமானார். இழுப்பு முற்றியது என்றார்கள். அந்த மழைநடைதான் காரணம் என்று எவரும் சொல்லவில்லை. நானும் உறுதியாகச் சொல்ல இயலாது. அடக்கத் திருப்பலியை நானே ஒப்புக்கொடுத்தேன். அவர் பிள்ளைகள் என் கைகளைப் பிடித்து நன்றி சொன்னார்கள். எண்ணெய்ப் போத்தலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

நல்ல சமாரியன் உவமையை இத்தனை ஆண்டுகளில் எத்தனை முறை விளக்கியிருக்கிறேன்! கண்டும் காணாமல் விலகிச் சென்ற குருவைப் பற்றி, குருவாகிய நானே உருக்கமாகப் பேசியிருக்கிறேன். ஆனால் ஒன்றை நான் கவனித்ததில்லை. காயப்பட்டவனைத் தன் மிருகத்தின்மேல் ஏற்றிச் சென்றான் அந்தச் சமாரியன். அப்படியானால் அம்மிருகம் அன்று இருவரில் ஒருவரைச் சுமக்கும் வலிமையோடு இருந்தது. யாரோ அதற்கு நேற்றும் முன்தினமும் தீனி வைத்திருக்கிறார்கள், தண்ணீர் காட்டியிருக்கிறார்கள். காயத்தில் வார்க்க அவன் பையில் எண்ணெயும் இருந்தது. அந்த வீதியில் அவனுக்கு இரக்கம் பிறந்தது ஒரு நொடியில். ஆனால் அவ்விரக்கம் பயன்படுவதற்கு வேண்டியவற்றை, யாருக்கென்று அறியாமலே, அவன் வீட்டை விட்டுப் புறப்படும் முன்னரே ஆயத்தம் செய்திருந்தான். எனக்கும் அன்றிரவு இரக்கம் இருந்தது. என் பையில் எண்ணெய் இல்லை.

இளைஞன் எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சற்று நேரம் என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சுவாமி, போன கிழமை இடப்பக்க வளையத்தைப் போடும்போது விளிம்பைக் கீறிவிட்டேன். தெரியாது என்று நினைத்து அப்படியே பூட்டிவிட்டேன். கழற்றுவோம்” என்றான். கழற்றினோம். இரண்டு சனிக்கிழமை வேலை வீணாயிற்று. பெரியவர் தம் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு மூவருக்கும் கோப்பி கொண்டுவந்தார்.

கடந்த சனிக்கிழமை அது இயங்கியது. ஏழாவது உதையில் இருமிற்று, பத்தாவதில் பிடித்துக்கொண்டது. ஒழுங்கை முழுவதும் நீலப் புகை. ஸ்ட்ரோபெரிக் கூடைகளோடு சென்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். இளைஞன் சிரித்தான். பெரியவர் எழுந்து அருகில் வந்து, புகையை முகர்ந்துவிட்டு, “எண்ணெய் கூடிப்போயிற்று” என்றார். உண்மைதான். ஒரு லீற்றர் பெட்ரோலுக்கு 25 மில்லிலீற்றர் போதும். புதிய பிஸ்டனுக்காகச் சற்றுக் கூட்டலாம். கலந்தவன் நான். அளந்ததற்கு மேலும் என் கை ஊற்றிவிட்டது. ஏன் என்பதை இளைஞன் அறிவான்.

அந்தப் புகை நல்லதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். எரியாத எரிபொருளில் ஒரு பகுதி புகையோடு வெளியேறிவிடுவதால்தான் இவ்வகை என்ஜின்கள் வீதிகளிலிருந்து மறைந்தன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவ்தாத்தோ சி’ சுற்றுமடலை உங்களுக்குப் படிப்பித்தவன், நகரமெங்கும் புகை கக்கிக்கொண்டு திரிய மாட்டேன். அது ஆண்டுக்கு ஓரிரு முறை, ஒழுங்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடும். நிற்காமல் இருப்பதற்கு அது போதும்.

அன்றிரவே உபதேசியாரின் மகளுக்கு எழுதினேன். அவர் இப்போது பிரான்சில் வாழ்கிறார். நத்தார் வாழ்த்துகளுக்கு அப்பால் எங்களுக்குள் தொடர்பு இருந்ததில்லை. கொட்டிலையும் போத்தலையும் சேற்றையும் ஒன்றும் விடாமல் எழுதினேன். மூன்று நாள்களின் பின் பதில் வந்தது. அதன் சாரத்தை அவர் அனுமதியோடு தருகிறேன். தந்தையார் விழுந்ததாக வீட்டாரிடம் ஒருபோதும் சொல்லவில்லையாம். சுவாமி தம்மைப் பாலம் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து விட்டதாகவே சொன்னாராம். அதனாலேயே அடக்கத்தன்று எனக்கு அவ்வளவு நன்றி சொன்னார்களாம். “பதிவேட்டின் மூலையில் சேறு காய்ந்து கிடந்தது, சுவாமி. அப்பா அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தவர். ஏன் என்று இன்றைக்குத்தான் விளங்குது” என்று முடித்திருந்தார்.

அவர் என்னைக் குறைசொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் எழுதவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. ஒரு முதியவர், மூச்சு வாங்கிக்கொண்டே, ஓர் இளங்குருவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறார். அவர் மூடி வைத்ததை நான் திறந்துவிட்டேன். அவர் நடந்த தூரத்தை அவர் கணக்கில் எழுத வேண்டும் என்பதற்காகவே இதை எல்லோரும் வாசிக்கும் இடத்தில் எழுதுகிறேன்.

வரும் யூலை 25, வழிப்பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோப்பரை நாம் நினைவுகூரும் நாள். அதனையொட்டிய ஞாயிறு திருப்பலியின் பின் ஆலய முற்றத்தில் வாகனங்களை ஆசீர்வதிப்பேன். ஒரு வேண்டுகோள்: ஆசீர்நீர் தெளிக்கக் கொண்டுவரும் முன், உங்கள் வண்டியின் எண்ணெய் அளவையும் சக்கரக் காற்றையும் பார்த்துக்கொண்டு வாருங்கள். நள்ளிரவில் உங்கள் கதவைத் தட்டப்போகிறவர் யார் என்று உங்களுக்கோ எனக்கோ தெரியாது. பார்க்கத் தெரியாதவர்களுக்கு உதவ, அந்த இளைஞன் காலை எட்டு மணி முதல் முற்றத்தில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறான். அவன் இப்போது நன்றாகவே பேசுகிறான்.

இறைவன் உங்கள் பயணங்களையும், உங்கள் வண்டியில் ஏறப்போகிறவர்களையும் காப்பாராக.